நோயாளியின் ஒலிப்பதிவை வகுப்பில் போடலாமா?

நாகமலை டீச்சர்:
மதுரைப் பக்கம் ஒரு நர்சிங் கல்லூரியில் பாடம் எடுக்கிறேன். காசநோய்ப் பாடத்தின்போது உசிலம்பட்டிப் பக்கத்து அக்கா ஒருவர் பேசிய 11 நிமிட ஒலிப்பதிவைப் போடுவேன். மாத்திரை தொடங்கிய நாலாம் நாள் சிறுநீர் சிவப்பாகப் போனதாம். ரத்தம் என்று பயந்து, யாரிடமும் கேட்காமல் மாத்திரையை நிறுத்திவிட்டார். ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்தைச் சாப்பிட்டால் சிறுநீர் அப்படித்தான் நிறம் மாறும் என்பதைப் பரீட்சையில் எல்லாப் பிள்ளைகளும் எழுதிவிடும். அதை நோயாளியிடம் முதல் நாளே சொல்ல வேண்டும் என்பது இந்தக் குரலைக் கேட்ட பிறகுதான் உறைக்கிறது. கூட வேலை பார்ப்பவரோ பதிவே கூடாது என்கிறார். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

வைகை வடகரை:
கூடாதுதான். பக்கவாதத்தில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பேச்சு குழறுவதை ஒருவர் போனில் எடுத்தார். பாடத்துக்காம். அட்மிஷன் தாள்களோடு தாளாக அதற்கும் கைநாட்டு வாங்கிவிட்டார்கள். அப்பா போய் இரண்டு வருடம் கழித்து அந்த வீடியோ வாட்ஸப்பில் சுற்றி அம்மாவிடமே வந்தது. மாட்டுத்தாவணியில் ஏலம் விட்ட குரல் அது. "சாப்பிட்டீங்களா" என்ற கேள்விக்கு "சா... சா..." என்று திணறுகிறது. அம்மா அன்று முழுக்கச் சாப்பிடவில்லை.

கோரிப்பாளையம் ஹாஸ்டல்:
அண்ணே, அப்பாவுக்கு நடந்தது பெரிய தப்பு. ஆனால் பதிவே வேண்டாம் என்றால் நாங்கள் எதில் கற்றுக்கொள்வது? 2019-லிருந்து எம்பிபிஎஸ்ஸில் ஏட்காம் என்று ஒரு பகுதி இருக்கிறது. நோயாளியிடம் நடந்துகொள்ளும் முறை, அறம், பேச்சு எல்லாம் அதில் வரும். எங்கள் பேட்சில் நண்பனே நோயாளியாக நடிப்பான். அவனுக்குப் பாதிப் பேச்சில் தொண்டை அடைக்காது. வார்டுக்குப் போனாலும், வலியில் கிடக்கும் ஒரே ஆளிடம் இருபது பேர் அதே கேள்வியைக் கேட்கிறோம். ஒருமுறை பதிந்து வைத்தால் அந்தத் தொல்லை இல்லையே. நீங்கள் இப்போது எழுதியதில்கூட நான் ஒன்று கற்றுக்கொண்டேன்.

வைகை வடகரை:
தம்பி, இதை நானாக எழுதினேன். வேண்டாம் என்று தோன்றினால் நாளைக்கே அழித்துவிடுவேன். அப்பாவுக்கு அந்த வழி இருந்ததா?

மேலூர் வீடுவீடாக:
மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடாகப் போகிறவள் நான். போனை நீட்டினால் "எல்லாரும் நல்லாப் பாத்துக்கிட்டாங்க" என்பார்கள். அதை உள்ளே வைத்து, கொடுத்த காப்பியைக் குடிக்கும்போதுதான், மாத்திரை வாங்க ஒரு நாள் கூலி போன கதை வரும். பதிவில் விழுவது முதல் பேச்சு மட்டும். அதை வைத்து ஜனங்களைப் புரிந்துகொண்டதாகப் பிள்ளைகள் நினைத்தால் ஆபத்து.

நாகமலை டீச்சர்:
நியாயம். அந்த அக்காகூட ரெக்கார்டரை நிறுத்திய பிறகுதான் தனக்குத் தனித்தட்டு வைத்ததைச் சொன்னார். அதை நான் வகுப்பில் சொன்னதில்லை.

ஒழுங்காகச் செய்யவும் வழி இருக்கிறது. ஆக்ஸ்போர்டில் நோயாளிகளின் அனுபவங்களைச் சேகரித்து 2001-இல் ஓர் இணையதளம் தொடங்கினார்கள். முகம் தெரியவா, குரல் மட்டுமா, வெறும் எழுத்தா என்று பேசியவரே தீர்மானிப்பார். எழுத்தாக்கிய பேட்டியை அவரிடம் கொடுப்பார்கள். பிடிக்காத பகுதியை எடுத்துவிடச் சொல்லலாம். படிக்கத் தெரியாத நம் ஆட்களுக்குப் போட்டுக் காட்டினால் போதும்.

அதைக்கூட நான் செய்யவில்லை. சம்மதம் வாங்கி மூன்று வருடம் ஆகிறது. வரும் ஞாயிறு உசிலம்பட்டி போய், முழுவதையும் அவர் காதில் போட்டுவிட்டுக் கேட்கப் போகிறேன். அதுவரை வகுப்பில் போட மாட்டேன்.

வைகை வடகரை:
ஞாயிறு வேண்டாம் டீச்சர், வீட்டில் எல்லாரும் இருப்பார்கள். அவருக்குக் காசநோய் வந்தது மருமகளுக்குத் தெரியாமல்கூட இருக்கலாம். முதலில் போன் போட்டு, எங்கே எப்போது வரலாம் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.