மூன்றாவது ஆளுக்கு நெருப்பு இல்லையா?

சாட்ஸ்வொர்த்காரன்: பீனிக்ஸ் அண்ணா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. ஒரே குச்சியில் மூன்றாவது ஆளுக்குப் பற்ற வைக்கக் கூடாதாம். அணைத்துவிட்டு வேறு குச்சி உரசுவதுதான் முன்பின் தெரியாதவருக்குக் காட்டும் மரியாதையாம். இங்கே தென்னாப்பிரிக்காவில் பிரிட்டிஷாரும் போயர்களும் மோதிய போயர் போரிலிருந்து வந்த வழக்கமாம். போன வாரம் டர்பன் விக்டோரியா ஸ்ட்ரீட் மார்க்கெட் வாசலில் ஒரு பெரியவர் இருவருக்குப் பற்ற வைத்துவிட்டு என் முகத்துக்கு நேரே ஊதி அணைத்தார். பெட்டியில் அதுதான் கடைசிக் குச்சி. இதுவா மரியாதை?

பீனிக்ஸ் அண்ணா: தம்பி, தெரியாமல் பேசாதே. முதல் சிகரெட் பற்றும்போது எதிரி வெளிச்சத்தைப் பார்க்கிறான். இரண்டாவதில் குறி வைக்கிறான். மூன்றாவதில் சுடுகிறான். உன் உயிரைக் காப்பாற்றத்தான் அணைத்தார். என் கொள்ளுத்தாத்தா அந்தப் போரில் காந்தியின் ஆம்புலன்ஸ் படையில் ஸ்ட்ரெச்சர் தூக்கியவர். ஸ்பியான் கோப் போர்க்களம் வரை போனவர். அவர் வாய்வழி எங்கள் வீட்டுக்கு வந்தது இது.

சாட்ஸ்வொர்த்காரன்: அந்தப் படையில் சுமார் 1100 பேர் இருந்தார்கள், பெரும்பாலும் ஒப்பந்தக் கூலிகள். என் வீட்டு ஆளும் போனார். அடிபட்டவர்களை ஒரே நாளில் 20, 25 மைல் சுமந்தவர்கள் அவர்கள். பெருமை உங்கள் வீட்டுக்கு மட்டும் சொந்தமில்லை. இதே கதையை முதல் உலகப் போருக்கும் சொல்கிறார்கள், கிரிமியப் போருக்கும் சொல்கிறார்கள். குச்சி நிறைய விற்கட்டும் என்று ஸ்வீடன் தீப்பெட்டி முதலாளி இவார் குரூகர் பரப்பினார் என்பாரும் உண்டு.

பீனிக்ஸ் அண்ணா: அந்தப் போரில் லேடிஸ்மித் ஊரைப் போயர்கள் முற்றுகையிட்டது நம் நேட்டாலில்தான். 1899 நவம்பரிலிருந்து 1900 பிப்ரவரி கடைசி வரை. ஸ்வீடனில் இல்லை. மூன்றாவது ஆள்தான் சாவான்.

மாரிட்ஸ்பர்க் அக்கா: இரண்டு பேரும் கொஞ்சம் நிறுத்துங்கள். கொரோனா ஊரடங்கில், 2020 மார்ச் 27 முதல் ஆகஸ்ட் 17 வரை, சிகரெட் விற்கவே தடை. ஒருவர் எச்சில் மற்றவருக்குப் போகிறது என்று அமைச்சர் டிலாமினி-சூமாவே டிவியில் சொன்னார். அப்படியும் ஒரே சிகரெட்டை நாலு பேர் மாற்றி மாற்றி இழுத்தார்கள். என் தம்பிக்கு ஒரு இழுப்பு கொடுத்தவர் யாரென்றே இன்றுவரை தெரியாது. அவர் மூன்றாவதா நாலாவதா என்று எண்ணிக்கொண்டா நின்றார்?

பீனிக்ஸ் அண்ணா: எச்சில் சிகரெட்டைப் பெருமையாகச் சொல்கிறீர்களே அக்கா. எங்கள் வீட்டில் எச்சில் டம்ளரைக்கூடத் தொடமாட்டோம்.

மாரிட்ஸ்பர்க் அக்கா: எங்கள் வீட்டில் மட்டும் தொடுவோமா? வார்த்தையைப் பார்த்துப் பேசுங்கள். போன காவடிக்கு அன்னதான வரிசையில் என் மாமியாரை நீங்கள் பேசியதை நான் இன்னும் மறக்கவில்லை.

லைட்டர் தம்பி: லைட்டரைக் கையில் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமே?

சாட்ஸ்வொர்த்காரன்: கொடுத்த லைட்டர் திரும்பி வந்திருக்கிறதா? டாக்ஸி ஸ்டாண்டில் நான் மூன்று தொலைத்தேன்.

பீனிக்ஸ் அண்ணா: அன்னதானத்தில் அந்த அம்மா வரிசை தாண்டினார்கள், அதைத்தான் சொன்னேன். அதை விடுங்கள். லைட்டரை விடு, தம்பி. நான் சொல்வது குச்சி. ஒரே குச்சி, மூன்று பேர். இரண்டாவது ஆளுக்குக் கொடுத்ததும் அணைத்துவிட வேண்டும். தெரியாத ஆளாக இருந்தால் கட்டாயம் அணைக்க வேண்டும், அவன் உயிருக்கு நாம்தான் பொறுப்பு. நாற்பது வருஷமாக அப்படித்தான் செய்கிறேன்.

மாரிட்ஸ்பர்க் அக்கா: என் மாமியாருக்கு 72 வயது. முட்டிவலி. வரிசை தாண்டினாராம்!

சாட்ஸ்வொர்த்காரன்: மார்க்கெட் வாசலில் பட்டப்பகலில் யார் அண்ணா என்னைச் சுடப்போகிறான்? கடைசிக் குச்சியைப் பற்றிக் கேட்டேனே, அதற்கு இன்னும் பதில் வரவில்லை.

பீனிக்ஸ் அண்ணா: சொல்லிவிட்டேன். மறுபடியும் சொல்கிறேன், கேட்டுக்கொள். முதல் சிகரெட் பற்றும்போது பார்க்கிறான். இரண்டாவதில் குறி வைக்கிறான்.