'எ ஃபியூ குட் மென்': 4கே வட்டும் ஒரு தீர்ப்பும்

டிஸ்க்மணி:
ராப் ரெய்னரின் 'எ ஃபியூ குட் மென்' (1992) படத்தின் கூடுதல் தெளிவுள்ள 4கே வட்டு 2018-லேயே வந்துவிட்டது. என்னிடம் பழைய ப்ளூ-ரே இருக்கிறது. சக வீரன் சாண்டியாகோவைக் கொன்றதாக டாசன், டவுனி என்ற இரண்டு வீரர்கள் மீது ராணுவ நீதிமன்றத்தில் நடக்கும் வழக்குதான் கதை. முக்கால்வாசிப் படம் நான்கு சுவருக்குள் சீருடைக்காரர்கள் பேசிக்கொண்டிருப்பதுதான். இதற்கு எதற்கு 4கே? காசைக் கரியாக்க வேண்டாம் என்பது என் கட்சி. மாற்றுக்கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

மாலினி:
பேசுகிற படத்துக்குத்தான் முகம் தெளிவாகத் தெரிய வேண்டும், மணி. கர்னல் ஜெசப்பாக வரும் ஜாக் நிக்கல்சன் சாட்சி சொல்லும்போது கத்துவதைவிட, கத்துவதற்கு முன்னால் மெல்ல ஏறும் எரிச்சல்தான் நடிப்பு. கேமரா மற்றவர்கள் பக்கம் இருந்தபோதும் அவர் அந்தக் காட்சியின் வசனத்தை முழு வேகத்தோடு பேசிக்கொடுத்தார் என்று ரெய்னர் சொல்லியிருக்கிறார். எதிரே இருக்கிறவர்கள் முகத்தில் அது தெரிகிறது. நான் வாங்கிவிட்டேன்.

கறுப்புக்கோட்டு:
வட்டு கிடக்கட்டும், அந்தக் காட்சியே நம்புகிற மாதிரி இல்லை. ஒரு கர்னல், அதுவும் சாட்சி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, சாண்டியாகோவைத் தாக்க நான்தான் உத்தரவு போட்டேன் என்று கத்துவாரா? நான் பார்த்த சாட்சிகள் எல்லாம் "ஞாபகம் இல்லை" என்று நழுவுகிறவர்கள். அந்த இரண்டு வீரர்களின் வழக்கறிஞராக வரும் டாம் க்ரூஸ் கையில் ஆதாரமும் கிடையாது. அவர் கூட்டிவந்து உட்கார வைத்த இரண்டு விமானப்படை ஆட்களுக்கும் எதுவுமே நினைவில்லை என்று பிறகு அவரே சொல்கிறார். குருட்டு அதிர்ஷ்டம்!

மாலினி:
இல்லை சார், அடித்தளம் முன்பே போடப்பட்டுவிட்டது. என் ஆட்கள் உத்தரவை மீறவே மாட்டார்கள் என்று ஜெசப் வாயாலேயே வரவழைக்கிறார் க்ரூஸ். அப்புறம் கேட்கிறார்: சாண்டியாகோவைத் தொடக்கூடாது என்று உத்தரவு போட்டாயிற்றே, பிறகு அவன் உயிருக்கு ஆபத்து என்று ஏன் இடமாற்றம்? என் உத்தரவுக்கு மதிப்பில்லை என்று ஒப்புக்கொள்வது ஜெசப்புக்கு ஜெயிலைவிடப் பெரிய அவமானம். அந்த ஆணவத்தைத்தான் சீண்டுகிறார்கள்.

கறுப்புக்கோட்டு:
சரி, தீர்ப்பை என்ன சொல்வீர்கள்? டாசனும் டவுனியும் கொலை, சதி இரண்டிலும் விடுதலை. ஆனால் தகாத நடத்தை என்ற குற்றத்துக்காக அவமதிப்புடன் படையிலிருந்து நீக்கம். அந்தக் குற்றத்தைச் சொல்லும் அமெரிக்க ராணுவச் சட்டத்தின் 133-ஆம் பிரிவு அதிகாரிகளுக்கும் அதிகாரிப் பயிற்சி மாணவர்களுக்கும் மட்டுமே. டாசன் லான்ஸ் கார்ப்பரல், அதிகாரி அல்லாத கீழ்நிலை வீரன். எல்லா வீரர்களுக்கும் பொதுவான 134-ஆம் பிரிவில் அல்லவா போட்டிருக்க வேண்டும்? கதை எழுதிய ஆரன் சோர்க்கின் இதைக் கோட்டை விட்டுவிட்டார்.

நாகைக்காரன்:
சோர்க்கினின் அக்காவே ராணுவ வழக்கறிஞராக இருந்தவர். கியூபாவில் உள்ள அமெரிக்கத் தளமான குவான்டனாமோவில் நடந்த வழக்கு ஒன்றைப் பற்றி அவர் சொன்னதிலிருந்துதான் நாடகம் பிறந்தது, 1989-இல் பிராட்வே மேடை ஏறியது. நிஜத்தில் தாக்கப்பட்ட வீரர் பிழைத்துக்கொண்டார். கதையில் அவரைச் சாகடித்த பிறகுதான் கேள்வி கனமாகிறது. பிரிவு எண் தப்பாக இருக்கலாம், தண்டனை சரி. தன்னால் போராட முடியாதவனுக்காக நாம் போராடியிருக்க வேண்டும் என்று கடைசியில் டாசனே சொல்கிறான்.

டிஸ்க்மணி:
அவன் ஏற்கெனவே போராடிப் பார்த்தவன் ஐயா! பட்டினி போடப்பட்ட ஒரு வீரனுக்கு உத்தரவை மீறிச் சாப்பாடு கொடுத்தான். அதற்காக அவனுடைய மேலதிகாரி கென்ட்ரிக் பணி மதிப்பீட்டில் குறைத்துப் போட்டார். மீறினால் என்ன ஆகும் என்று அடித்துப் பாடம் கற்பித்துவிட்டு, அடுத்த முறை ஏன் மீறவில்லை என்று கேட்டால் எப்படி? இது அநியாயம்.

நாகைக்காரன்:
அதனால்தான் உள்ளே இருந்த நாளே சிறைத்தண்டனையாகப் போதும் என்று விட்டார்கள். சோறு கொடுத்தபோது அவனுக்குத் தோன்றியது, வாயில் துணியைத் திணித்துக் கட்டும்போது ஏன் தோன்றவில்லை? மதிப்பெண் குறைந்தது ஒரு காரணமா?

டிஸ்க்மணி:
இருபது வயதுப் பையனுக்கு அது காரணம்தான். நீங்கள் எந்த வேலையில் இருக்கிறீர்கள் என்று தெரியவில்லை, மேலதிகாரியிடம் "முடியாது" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறீர்கள்?