அலி டாயி நல்ல கோச்சா? 2009 சவூதி மேட்சை வைத்து ஒரு சண்டை

கார்னர்கொடி:
ரொனால்டோவின் சர்வதேச கோல் கணக்கைப் பற்றி வேறொரு திரியில் பேசிக்கொண்டிருந்தபோது, "அந்தச் சாதனையை அவருக்கு முன்னால் வைத்திருந்த ஈரானின் அலி டாயி கோச்சாகவும் பெரிய ஆள்" என்று ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போய்விட்டார். அங்கே சண்டை போட்டால் திரி நாறிவிடும், அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன். ஆட்டக்காரராக அவர்மேல் எனக்கு ஒரு தகராறும் இல்லை. பல வருடம் புத்தகங்களில் 109 என்று நின்ற கணக்கு, அதைத் தாண்ட ரொனால்டோவுக்கே 2021 செப்டம்பர் வரை ஆனது. ஆனால் கோச்? 2006-லிருந்து 2019 வரை கிட்டத்தட்ட 13 வருடம், கையில் ஒரே ஒரு லீக் பட்டம், அதுவும் முதல் வருடத்திலேயே வந்தது. தேசிய அணியைக் கையில் கொடுத்தார்கள், ஈரான் 2010 உலகக் கோப்பைக்குப் போகவில்லை. இதைப் "பெரிய ஆள்" என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. மறுப்பவர்கள் வாருங்கள்.

ஆஃப்சைடு அன்பு:
முதலில் பெயரைத் தீர்மானியுங்கள். சிலர் 'தாயி' என்று எழுதுகிறார்கள், கிராமத்தில் பாட்டி பேத்தியைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறது. இன்னொரு விஷயம், பாரசீகத்தில் அந்தச் சொல்லுக்குத் தாய்மாமன் என்று அர்த்தமாம். அதனால் நான் இந்தத் திரி முழுக்க மாமா என்றே எழுதப்போகிறேன். அப்புறம் ஒரு கோலைக் கழித்து 108 என்று சொல்கிற கணக்கும் இருக்கிறது. 108 என்றால் நமக்கு இன்னும் விசேஷம்.

பழைய ஸ்ட்ரைக்கர்:
கார்னர்கொடி தம்பி, "தேசிய அணியைக் கொடுத்தார்கள்" என்று தாம்பூலத் தட்டில் வைத்து நீட்டிய மாதிரி எழுதியிருக்கிறீர்கள். நடந்தது என்ன? 2008 தொடக்கத்தில் ஈரான் கால்பந்து ஃபெடரேஷன் ஸ்பெயின்காரர் ஹாவியர் கிளெமென்ட்டேவைப் பிடித்து வைத்திருந்தது, அவர் முழு நேரமும் ஈரானில் தங்க ஒத்துக்கொள்ளாததால் பேச்சு முறிந்தது. இதற்கிடையில் தகுதிச் சுற்றே தொடங்கிவிட்டது, முதல் மேட்சில் சிரியாவோடு சொந்த மண்ணில் 0-0, தற்காலிகக் கோச்சை வைத்து ஆடினார்கள். அதற்குப் பிறகுதான் மார்ச்சில் டாயியைக் கூப்பிட்டார்கள். பந்தியில் கடைசியாக உட்கார்ந்தவனிடம் வந்து சாம்பார் ஏன் ஆறிப்போச்சு என்று கேட்கிற கதை இது. அப்படியிருந்தும் சிரியா, குவைத், எமிரேட்ஸ் இருந்த அந்தப் பிரிவில் ஈரான் முதலிடம் பிடித்துத்தான் அடுத்த சுற்றுக்குப் போனது.

கார்னர்கொடி:
அண்ணே, கூப்பிட்டால் போகத்தான் வேண்டுமா? 2007 மே மாதம் பூட்ஸைக் கழற்றுகிறார், அடுத்த மார்ச்சில் தேசிய அணி கோச். பத்து மாதம்! நேற்று வரை கூட ஆடினவர்களுக்கு, டிரெஸ்ஸிங் ரூமில் சண்டை போட்டவர்களுக்கு, இன்று பாஸ். வேண்டாம் என்று சொல்லும் பக்குவம் அவருக்கு ஆட்டக்காரராக இருந்தபோதும் இருந்ததில்லை, 2006 உலகக் கோப்பையில் 37 வயதில் கேப்டனாக இறங்கி மெக்ஸிகோவிடம் 3-1 வாங்கியபோதே ஈரான் ரசிகர்கள் அதைத்தான் கேட்டார்கள்.

ஃப்ரீகிக் மீரா:
இரண்டு பேரும் கடைசிச் சுற்றின் கணக்கைப் பார்க்காமலே பேசுகிறீர்கள். நான் போடுகிறேன். சவூதியில் 1-1. வட கொரியாவை டெஹ்ரானில் 2-1 ஜெயித்தது. எமிரேட்ஸில் 1-1. தென் கொரியாவோடு டெஹ்ரானில் 1-1, இதில் நெகூனாம் அடித்த ஃப்ரீகிக்கில் முன்னிலையில் இருந்து 81-ஆவது நிமிடத்தில் கொரியாவின் பார்க் ஜி-சுங்கின் ஹெடரில் முன்னிலையை விட்டது. கடைசியாக 2009 மார்ச் 28, ஆஸாதி ஸ்டேடியம், சவூதி. ஈரானின் ஷொஜாயி கோல் போட்டு 1-0, பத்துப் பதினொரு நிமிடம் மட்டும் பாக்கி இருக்கும்போது சவூதியின் ஹஸாஸி சமன் செய்தார், 87-ஆவது நிமிடத்தில் இன்னொன்று. 1-2. அதிபர் அஹ்மதிநெஜாத் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்த மேட்ச். சூடு ஆறுவதற்குள் டாயியின் வேலை போய்விட்டது.

ஐந்து மேட்சில் 6 புள்ளி. மிச்சம் மூன்று மேட்சில் பிறகு வந்த கோச் அஃப்ஷின் கோத்பி எடுத்தது 5. மொத்தம் 11. தகுதி பெற்ற வட கொரியாவுக்கு 12, பிளேஆஃப் போன சவூதிக்கும் 12. ஒரே ஒரு புள்ளி! ஆகவே டாயிதான் கெடுத்தார் என்பவர்களுக்கும் கணக்கு இடம் கொடுக்கிறது, அவர் கெடுக்கவில்லை என்பவர்களுக்கும் கொடுக்கிறது. கோத்பியின் கடைசி மேட்சிலும் சியோலில் ஈரான் 1-0 முன்னிலையில் இருந்தது, அங்கேயும் அதே பார்க் ஜி-சுங், அதே 81-ஆவது நிமிடம். யாராவது அந்த ஆளுக்கு அந்த நிமிடத்தில் ஒரு மார்க்கரைப் போட்டிருக்கலாம்.

பழைய ஸ்ட்ரைக்கர்:
மீரா சொன்னதைத்தான் நானும் சொல்கிறேன். இதில் இன்னொரு கூத்தும் உண்டு. டாயியைத் தூக்கிவிட்டு யாரைப் போட்டார்கள்? மாயேலி கோஹன். 1996 ஆசியக் கோப்பையில் டாயிக்குக் கோச்சாக இருந்தவர், பிற்பாடு அவரோடு மேடைக்கு மேடை மோதினவர். அவர் ஒரு மேட்ச்கூட நடத்தாமல் விலகிப் போனார், அதற்கப்புறம்தான் கோத்பி. அதாவது உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றின் நடுவில், வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் மாற்றுவதுபோல மாற்றிக்கொண்டிருந்த ஒரு ஃபெடரேஷன். இதில் கோச்சை மட்டும் எடைபோட்டு என்ன கிடைக்கும்?

கார்னர்கொடி:
கணக்கு சரி, நன்றி மீரா. ஆனால் அது என் பக்கம்தான் பேசுகிறது என்று நினைக்கிறேன். ஐந்து மேட்சிலும் ஈரான் ஒரு கோலாவது போட்டது, ஐந்திலும் ஒரு கோலாவது வாங்கியது. டெஹ்ரானில் ஒரு லட்சம் பேர் கத்துகிற ஸ்டேடியத்தில் இரண்டு தடவை 1-0 முன்னிலையில் இருந்து இரண்டு தடவையும் கடைசிக் கால் மணி நேரத்தில் நழுவவிட்டார்கள். ஒரு தடவை என்றால் கெட்ட நேரம். இரண்டு தடவை என்றால் பெஞ்சில் இருப்பவருக்கு முன்னிலையைக் காப்பாற்றத் தெரியவில்லை. எப்போது ஆளை மாற்றுவது, எப்போது வேகத்தைக் குறைப்பது, இதெல்லாம் கிளப்பில் நாலு வருடம் அடிபட்டு வர வேண்டிய விஷயம், ஸ்ட்ரைக்கராக இருந்தவருக்குத் தானாக வராது. அதனால்தான் பத்து மாதம் என்று கத்துகிறேன்.

ஆஃப்சைடு அன்பு:
இது நல்ல பாயிண்ட் என்று ஒத்துக்கொள்ள எனக்கே கஷ்டமாக இருக்கிறது.

பழைய ஸ்ட்ரைக்கர்:
நல்ல பாயிண்ட்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2009-இல் நிறுத்திவிட்டால் எப்படி? சாய்பாவை விடுங்கள், கார் கம்பெனி டீம், அதை 2007-இல் ஆடிக்கொண்டே நடத்தி சாம்பியன் ஆக்கினார், அதை நீங்கள் "முதல் வருட அதிர்ஷ்டம்" என்பீர்கள். அதற்குப் பிறகு பெர்ஸெபோலிஸ் கிளப்பில் 2010, 2011 என்று அடுத்தடுத்து இரண்டு ஹஸ்ஃபி கோப்பை, அதாவது ஈரானின் நாக்-அவுட் கோப்பை. 2013-இல் அதே கிளப் திரும்பக் கூப்பிட்டபோது அது எந்த நிலையில் கிடந்தது என்று பாருங்கள், முந்தைய இரண்டு சீசனில் 12-ஆவது, 7-ஆவது இடம். அவர் வந்த சீசனில் லீக்கில் இரண்டாம் இடம், ஃபூலாது கிளப்புக்கு அடுத்தபடி. சரி என்று விட்டுவைத்தார்களா? 2014 செப்டம்பரில் அனுப்பிவிட்டார்கள், அடுத்த சீசன் சூடுபிடிப்பதற்குள்ளேயே.

எனக்குப் பிடித்தது நஃப்த் தெஹ்ரான் கதை. பணக் கஷ்டத்தில் மூச்சுத் திணறிய கிளப். அதை வைத்து 2017-இல் ஹஸ்ஃபி கோப்பை, இறுதியில் ட்ராக்டர் என்கிற டீமை 1-0. அவர் போன அடுத்த சீசனிலேயே நஃப்த் கீழ் டிவிஷனுக்கு இறங்கிவிட்டது. ஒரு கோச் என்ன செய்தார் என்று தெரிய வேண்டுமானால் அவர் கிளம்பிய பிறகு வீடு நின்றதா விழுந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஃப்ரீகிக் மீரா:
அண்ணா, அந்தக் கடைசி வரி இரண்டு பக்கமும் வெட்டும். 2014-இல் அவர் போன பிறகு பெர்ஸெபோலிஸ் விழவில்லையே. கொஞ்ச நாளில் பிராங்கோ இவான்கோவிச் வந்தார், 2017, 2018, 2019 மூன்று வருடமும் லீக் பட்டம். அதே கிளப், அதே ரசிகர்கள், அதே மேலிட அரசியல். அரசாங்க அமைச்சகத்தின் கையில் இருந்த கிளப், சம்பளப் பாக்கி, வருடத்துக்கு ஒரு நிர்வாகி, எல்லாம் பிராங்கோவுக்கும் இருந்தது. நஃப்த் விஷயத்தில் பணம் தீர்ந்து போனதுதான் இறக்கத்துக்குப் பெரிய காரணம் என்று எனக்குப் படுகிறது, கோச் இருந்திருந்தாலும் அதே கதியாக இருந்திருக்கலாம்.

கார்னர்கொடி:
வெளிநாட்டுக் கோச்சை வைத்து ஒப்பிடாதீர்கள் என்று அண்ணன் வரப்போகிறார், அதனால் உள்ளூர் ஆளையே சொல்கிறேன். அமீர் கலேநோயி. அவரும் பழைய ஆட்டக்காரர்தான், டாயி அளவுக்குப் புகழில் கால்வாசிகூட இல்லை. எஸ்தெக்லாலில் மூன்று, ஸெபாஹானில் இரண்டு, மொத்தம் ஐந்து லீக் பட்டம். யஹ்யா கோல்மொஹம்மதி பெர்ஸெபோலிஸில் மூன்று. இவர்களும் அதே சேற்றில்தான் நடந்தார்கள். டாயியின் கணக்கு ஒரு லீக், மூன்று கோப்பை. மோசம் என்று நான் சொல்லவே இல்லை, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேல். பெயரை மறைத்துவிட்டு இந்தப் பட்டியலைக் காட்டினால் நீங்கள் யாராவது தனித் திரி போடுவீர்களா?

ஆஃப்சைடு அன்பு:
பெயரை மறைத்தால் திரியே இல்லை, நான் மாமா என்று எழுதவும் முடியாது.

ஆனால் சீரியஸாக ஒன்று. கடைசியாக சாய்பாவில் 2019 வரை இருந்தார், அதற்குப் பிறகு பெரிய வேலை எதுவும் இல்லை. 2022 போராட்டங்களின்போது மக்கள் பக்கம் நின்று வெளிப்படையாகப் பேசினார், கடைக்கு சீல் வைத்தார்கள், மனைவியும் மகளும் போன விமானத்தைக் கீஷ் தீவில் இறக்கி அவர்களை இறங்க வைத்தார்கள். இப்படிப்பட்ட ஆளை எந்த கிளப் கூப்பிடும்? அவருடைய கோச் வாழ்க்கையை வெறும் பட்டியலாகப் பார்ப்பது நியாயமா?

கார்னர்கொடி:
அந்த விஷயத்தில் அவருக்கு என் முழு மரியாதை. 2017 கெர்மான்ஷா நிலநடுக்கத்துக்கு அவர் நிதி திரட்டியதும் தெரியும். ஆனால் 2019-க்கும் 2022-க்கும் நடுவில் மூன்று வருடம் இருக்கிறதே, அப்போதும் எந்த வேலையிலும் இல்லை. நல்ல மனிதர் என்பதற்கு மதிப்பெண் போட்டு அதைக் கோச் கணக்கில் வரவு வைக்காதீர்கள், அவருக்கே பிடிக்காது. ஷரீஃப் பல்கலைக்கழகத்தில் உலோகவியல் படித்த ஆள், கணக்கு தெரியும்.

பழைய ஸ்ட்ரைக்கர்:
சரி தம்பி, "பெரிய கோச்" என்று எழுதியது நானில்லை, அந்த இன்னொரு திரிக்காரர். நான் சொன்னது, தோற்றுப்போன கோச் இல்லை என்பதுதான். 2009-ஐ அவர் தலையில் கட்டியதை மட்டும் நான் கடைசி வரை ஒத்துக்கொள்ள மாட்டேன்.

கார்னர்கொடி:
முழுக்கக் கட்டவில்லை. பாதி. ஃபெடரேஷனுக்கு மீதிப் பாதி.

ஃப்ரீகிக் மீரா:
பார்க் ஜி-சுங்குக்கு எதுவும் இல்லையா?

ஆஃப்சைடு அன்பு:
தென் கொரியாவுக்கு அது பழைய கடன். 1996 ஆசியக் கோப்பைக் காலிறுதி, துபாய், பாதி நேரத்தில் கொரியா 2-1 முன்னிலை. இரண்டாம் பாதியில் மாமா மட்டும் நாலு கோல். முடிவு 6-2. இன்றைக்கு ராத்திரி வேலை இல்லாதவர்கள் தேடிப் பாருங்கள், படம் மங்கலாகத்தான் இருக்கும்.