தனுஷ்கோடியில் காற்று: ஒவ்வொரு ஆப்பும் ஒரு எண் காட்டுகிறது, எதை நம்பி போர்டை இறக்குவது?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். மதுரையில் வேலை பார்க்கிறேன். போன வருடம் ராமேஸ்வரத்தில் விண்ட் சர்ஃபிங் கற்றுக்கொண்டேன். இப்போது சொந்தமாகப் பழைய போர்டு ஒன்றும் அதில் மாட்டுகிற 5.7 சதுர மீட்டர் செயிலும் (பாய்) இருக்கிறது. எடை 75 கிலோ. ஞாயிறு ஒருநாள்தான் கிடைக்கும். விடியற்காலை கிளம்பி அவ்வளவு தூரம் வருவதால் சனி இரவே முடிவெடுத்தாக வேண்டும்.

அங்கேதான் குழம்புகிறேன். விண்ட்குரு ஆப்பில் அமெரிக்க வானிலைக் கணிப்பு மாடல் காற்று 14 நாட் என்கிறது. விண்டி ஆப்பில் ஐரோப்பிய மாடல் அதே நேரத்துக்கு 19 என்கிறது. வானிலை மையத்தின் மீனவர் எச்சரிக்கையில் மன்னார் வளைகுடாவுக்கு 45 முதல் 55 கிலோமீட்டர், இடையிடையே 65 என்று போட்டிருக்கிறது. இதில் எதை எடுத்துக்கொள்வது?

இன்னொன்று. ஜூலையில் வந்தபோது தனுஷ்கோடி ரோட்டின் வடகடல் பக்கம் தண்ணீர் அசையாமல் கிடந்தது. கற்றுக்கொடுத்த அண்ணன் "இன்னிக்கு இங்க இறங்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார். காரணமும் சொன்னார், காற்றுச் சத்தத்தில் பாதி காதில் விழவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன் கரை

தம்பி, அந்த அண்ணன் சொன்னது ரொம்பச் சரி. அதையே முதலில் சொல்கிறேன். உங்கள் மூன்று எண்களைவிட அது முக்கியம்.

எங்கள் வீட்டில் நாட்டுப்படகு. அப்பா காலையில் வாசலுக்கு வந்ததும் கேட்பது "காத்து எங்கிட்டு?" என்பதைத்தான். எவ்வளவு என்பது அப்புறம். நானும் போனை எடுத்தால் முதலில் காற்றுத் திசை காட்டும் அம்பைத்தான் பார்க்கிறேன்.

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரைக்கும் தனுஷ்கோடி மணல்திட்டு வடமேற்கிலிருந்து தென்கிழக்காக நீண்டு கிடக்கிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, நாங்கள் தென்கடல் என்போம். மறுபக்கம் பாக் ஜலசந்தி, அது வடகடல். ஜூன் முதல் செப்டம்பர் வரை வீசுகிற கச்சான் தென்மேற்கிலிருந்து வரும், ஆப்பில் 225 டிகிரியை ஒட்டிக் காட்டும். அந்தக் காற்று தென்கடலில் நேராகக் கரையில் வந்து மோதுகிறது. ரோட்டைத் தாண்டியதும் அதே காற்று வடகடலில் கரையிலிருந்து வெளியே தள்ளுகிறது. அலை எழும்பக் காற்று தண்ணீர்மேல் கொஞ்ச தூரம் ஓட வேண்டும். கரையோரம் அந்தத் தூரம் இல்லாததால்தான் நீங்கள் பார்த்த தண்ணீர் அசையாமல் கிடந்தது. காற்று குறையவில்லை.

இறங்கினால் என்ன ஆகும்? முதல் ஐந்து நிமிடம் சொர்க்கம். போர்டு வழுக்கிக்கொண்டு போகும். கொஞ்சம் வெளியே போனதும் அலை சிறிது சிறிதாக ஏறும், காற்று இன்னும் திடமாகும். செயில் ஒருமுறை விழுந்தால் அதைத் தூக்கி நிறுத்துகிற நேரத்தில் கரை தூரமாகிவிடும். திரும்ப வருவதென்றால் காற்றை எதிர்த்துக் குறுக்கும் மறுக்குமாக ஓட்டி வர வேண்டும். கற்றுக்கொண்டு ஒரு வருடம்கூட ஆகாதவருக்கு 18 நாட் காற்றில் அது கைவராது. செயிலைத் தாங்கும் மாஸ்ட்டின் அடியில் ஒரு ஜாயிண்ட் விட்டுப்போனால் தேர்ந்தவருக்கும் அதே கதிதான். காற்று தள்ளுகிற திசையில் அடுத்து இருப்பது கச்சத்தீவும் எல்லைக் கோடும். பக்கத்தில் எஞ்சின் போட்ட படகும், உங்களையே பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆளும் இல்லாமல் கச்சான் காலத்தில் வடகடலில் இறங்கவே இறங்காதீர்கள். இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். கரையில் நின்று பார்க்கும்போது அது அவ்வளவு அழகாகக் கூப்பிடும்.

வாடைக்காலத்தில் எல்லாம் தலைகீழ். டிசம்பர், ஜனவரியில் காற்று வடகிழக்கிலிருந்து வரும், அப்போது வடகடல் கரைக்குத் தள்ளும், தென்கடல் வெளியே இழுக்கும்.

இனி உங்கள் எண்கள். முதலில் எல்லாவற்றையும் ஒரே அளவைக்குக் கொண்டுவாருங்கள். ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர். எச்சரிக்கையில் உள்ள 45 முதல் 55 என்பது 24 முதல் 30 நாட், 65 என்பது 35 நாட். அந்த அறிவிப்பு மன்னார் வளைகுடா முழுவதுக்குமானது, நடுக்கடலில் வலை போடுகிறவருக்கும் சேர்த்துச் சொல்வது. அதனால் உங்கள் கரையில் 30 அடிக்கும் என்று பொருள் இல்லை. ஆனால் அது இருக்கிற நாளில் புதிதாகக் கற்றவர் இறங்கக் கூடாது, மாடல் 14 காட்டினாலும் சரி. படகுகள் கடலுக்குப் போக மீன்வளத்துறை கொடுக்கும் டோக்கனை நிறுத்திவிட்டார்களா என்று கேளுங்கள். பாம்பன் துறைமுகத்தில் 3ஆம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏறியிருந்தால் பேச்சே கிடையாது, வீட்டிலேயே இருங்கள்.

மாடலுக்கு வருவோம். அமெரிக்க மாடலான ஜிஎஃப்எஸ் கடலையும் நிலத்தையும் சுமார் 13 கிலோமீட்டர் கட்டங்களாகப் பிரித்துக் கணக்குப் போடுகிறது. ஐரோப்பிய மாடலில் அது சுமார் 9 கிலோமீட்டர். நம் மணல்திட்டின் அகலமோ பல இடங்களில் ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. ஆக இரண்டு மாடலுக்கும் தனுஷ்கோடி என்று ஒரு நிலமே கண்ணில் படாது, கடல் என்றுதான் கணக்கு. 14, 19 இரண்டும் ஒரு பெரிய கட்டத்தின் சராசரி, தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்துக்கானது. இரண்டும் நாலைந்து நாட் வித்தியாசம் காட்டுவது எங்களுக்குச் சாதாரணம். திசை ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒத்துப்போனால் இரண்டுக்கும் நடுவில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு கிளம்பலாம். ஒன்று தெற்கு என்றும் மற்றது மேற்கு என்றும் சொன்னால் அந்த நாளை நான் நம்ப மாட்டேன்.

சராசரிக்குக் கீழே இன்னொரு வரி இருக்கும், கஸ்ட் என்று, இடையிடையே பலமாக அடிக்கும் வீச்சு அது. சராசரி 16, கஸ்ட் 19 என்றால் சீரான காற்று. சராசரி 14, கஸ்ட் 26 என்றால் உங்களுக்கு அது வேண்டாம். காற்றின் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கத்தோடு ஏறும். 14 நாட் 20 ஆனாலே விசை இரண்டு மடங்கு.

எந்த நேரத்துக் கணக்கு என்பதையும் கவனியுங்கள். ஜிஎஃப்எஸ் ஒருநாளைக்கு நான்கு முறை ஓடுகிறது, நம் நேரப்படி காலை 5:30, 11:30, மாலை 5:30, இரவு 11:30. ஓடி முடித்து உங்கள் போனுக்கு வர மேலும் நாலைந்து மணி நேரம் பிடிக்கும். சனி மாலை ஏழு மணிக்கு நீங்கள் பார்ப்பது காலையில் எடுத்த கணக்கு. இரவு பத்தரைக்கு மேல் பார்த்தால் மாலைக் கணக்கு கிடைக்கும், முடிவை அப்போது எடுங்கள்.

மேகம் பார்ப்பவன்

காரைக்காலிலிருந்து எழுதுகிறேன், வானிலை பார்ப்பது என் பித்து. மேலே சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். ஏப்ரல், மே, பிறகு செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மாடலின் காற்று எண்ணைவிட இடிமேகம் பெரிய ஆபத்து. மதியம் வரை உள்நாட்டில் காய்ந்து, மூன்று மணிக்கு மேல் முகில் கோபுரமாக எழும். மழை கீழே இறங்கும்போது குளிர்ந்த காற்று தரையில் மோதிப் பக்கவாட்டில் விரியும். அது மழைக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிடும். வீசிக்கொண்டிருந்த கடல்காற்று திடீரென்று செத்துப்போகும், வெயிலில் ஒரு குளிர்ச்சி தெரியும், அப்புறம் வேறு திசையிலிருந்து ஒரே அடி. செயில் செத்துக் கிடக்கும்போதே கரைக்குத் துடுப்பு போட வேண்டும், காற்று திரும்பும் என்று காத்திருக்கக் கூடாது.

ஆகவே கிளம்புமுன் காரைக்கால் ரேடார் படத்தை ஒருமுறை திறந்து பாருங்கள். ராமேஸ்வரம் அதன் எல்லைக்குள் வரும். வானிலைத் துறை மாவட்ட வாரியாக அடுத்த மூன்று மணி நேரத்துக்கு வெளியிடும் அறிவிப்பும் உண்டு. மின்னலுக்கு தாமினி ஆப். இடிச்சத்தம் காதில் விழுகிற தூரத்தில் இருந்தால் கார்பன் மாஸ்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நிற்க வேண்டாம்.

வைகைக்கரை

அண்ணே, ரொம்ப நன்றி. வடகடல் விஷயம் இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. கையில் பிடிக்கிற காற்றுமானி ஒன்று வாங்கலாமா? 5.7 செயில் எந்தக் காற்றுக்குச் சரி?

பாம்பன் கரை

வாங்குங்கள், ஆனால் பிடிக்கத் தெரிய வேண்டும். பலர் காரை விட்டு இறங்கி, காருக்குப் பக்கத்திலேயே நெஞ்சு உயரத்தில் பிடித்து "12 தான் இருக்கு" என்கிறார்கள். கார், கருவேலமரம், கடை கூரை எல்லாவற்றையும் விட்டு விலகி, காற்று முதலில் தொடுகிற ஈரமணலில் நின்று, கையைத் தலைக்கு மேலே தூக்குங்கள். மானியின் காற்றாடி காற்றுக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் அப்படியே வைத்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் மனதில் வாங்குங்கள். அவற்றுக்கு இடையில் உள்ள தூரம்தான் அன்றைய காற்றின் குணம். ஆப்பில் உள்ளது 10 மீட்டர் உயரத்துக் காற்று என்பதால் உங்கள் கையில் அதைவிடக் குறைவாகத்தான் காட்டும், பயப்பட வேண்டாம்.

மானி இல்லாத நாளில் தண்ணீரே சொல்லும். தென்கடலில் அங்கொன்று இங்கொன்றாக வெள்ளை நுரை தெரிந்தால் 10 நாட் பக்கம். பரவலாக நுரைத்தால் 11 முதல் 16. கடல் முழுக்க வெள்ளையாகி, காற்று நுரையைத் தெறிக்கவிட்டால் 20 தாண்டிவிட்டது.

செயிலுக்கு ஒரு பொதுக்கணக்கு உண்டு: எடையை 1.34 ஆல் பெருக்கி நாட்டால் வகுப்பது. 75 கிலோவுக்கு 18 நாட்டில் 5.6 வருகிறது. அப்போது உங்கள் 5.7 கச்சிதம். 14 நாட்டில் 7.2 வேண்டும், 5.7 வைத்துப் பறக்க முடியாது. ஆனால் திரும்புவதும் காற்றை எதிர்த்து வருவதும் பழக அதுதான் நல்ல காற்று. 25 நாட் என்றால் 4 தான் கணக்கு, அந்த நாளில் 5.7ஐ விரிக்கவே விரிக்காதீர்கள்.

கற்பிட்டிக் காத்து

வணக்கம் தம்பி. நான் இக்கரையில, இலங்கையின்ர கற்பிட்டியில இருந்து. எங்களுக்கும் மே தொடக்கம் ஒக்டோபர் வரை இதே தென்மேற்குக் காத்துத்தான். மன்னார்த்தீவில 2020 டிசம்பரில திறந்த தம்பபவனி காற்றாலையில 30 விசிறி நிக்குது. இந்தப் பக்கம் காத்துக்குப் பஞ்சமில்லை எண்டு அதைப் பாத்தாலே விளங்கும்.

பாம்பன் அண்ணை சொன்னதில ஒண்டைப் பிடிச்சுக்கொள்ளுங்கோ. இஞ்சயும் பழகுற ஆக்கள் கடலுக்குப் போறேல்ல, களப்புக்குள்ளதான், கரை சூழ்ந்த ஆழமில்லாத தண்ணிக்குள்ளதான் இறங்குறது. காத்துத் தள்ளினாலும் இடுப்பளவு தண்ணி, அடுத்த கரையில போய் ஏறலாம். நீங்களும் தள்ளிக்கொண்டு போனா எங்க போய்ச் சேருவம் எண்டு பாத்துப்போட்டு இடத்தைத் தெரிவு செய்யுங்கோ. நான் ஒவ்வொரு நாளும் ஆப் சொன்னதையும் கரையில அளந்ததையும் ஒரு கொப்பியில பக்கத்தில பக்கத்தில எழுதி வைக்கிறனான். ஒரு சீசன் எழுதினா உங்கட கரைக்கு எந்த மாடல் கூட்டிச் சொல்லுது, எது குறைச்சுச் சொல்லுது எண்டு தெரிஞ்சிடும்.

வைகைக்கரை

நோட்டு இன்றைக்கே போடுகிறேன். இந்த ஞாயிறு இரண்டு மாடலும் 200 முதல் 210 டிகிரி, 13 முதல் 16 நாட், கஸ்ட் 19 என்கின்றன. எச்சரிக்கை எதுவும் இல்லை. வரலாமா?

பாம்பன் கரை

வாருங்கள். 200 என்றால் நேர் தென்மேற்கைவிடக் கொஞ்சம் தெற்கு. தென்கடல் கரையில் கடலைப் பார்த்து நின்றால் இடது முன்பக்கமிருந்து சாய்வாக வரும், விழுந்தாலும் கரைக்கே கொண்டுவந்து சேர்க்கும். அலை கொஞ்சம் இருக்கும், இடுப்பு ஆழம் வரை போர்டை நடத்திக் கொண்டுபோய் ஏறுங்கள். சனி இரவு பத்தரைக்கு மேல் ஒருமுறை பாருங்கள். திசை 240ஐத் தாண்டினாலோ கஸ்ட் 24க்கு மேல் போனாலோ இங்கே ஒரு வரி எழுதுங்கள், நான் காலையில் கரையைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன். வரும்போது உயிர்காப்பு உடுப்பும் ஒரு விசிலும் மறக்காதீர்கள்.