மாவுச்சத்துப் படலம்: நீரைத் தாங்கச் செய்தால் மக்கும் தன்மை போய்விடுமா?

கேள்வி

மாவுச்சத்தையும் கிளிசராலையும் நீரில் கலந்து சூடாக்கி, தட்டில் ஊற்றி உலர்த்தி, பொதியுறைக்கான படலம் தயாரித்து வருகிறேன். புதிதாக இருக்கும்போது நன்றாக வளையும் படலம், சில வாரங்களில் விறைத்துப்போய் மடித்தால் முறிகிறது. ஈரம் மிகுந்த காற்றிலோ பிசுபிசுக்கிறது. குளூட்டரால்டிஹைடு சேர்த்து, மாவுச்சத்துச் சங்கிலிகளை ஒன்றோடொன்று கட்டும் குறுக்குப் பிணைப்பு ஏற்படுத்தினால் இரண்டும் சரியாகும் என்று சிலர் கூறுகிறார்கள். மக்க வேண்டும் என்பதற்காகவே தேர்ந்தெடுத்த பொருளை மக்கவிடாமல் செய்துவிடுவேனோ என்பதே என் கவலை. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில் 1

விறைப்பதும் பிசுபிசுப்பதும் வெவ்வேறு காரணங்களால் வருபவை. இரண்டுக்கும் ஒரே மருந்து தேட வேண்டாம். மாவுச்சத்து என்பது அமைலோஸ், அமைலோபெக்டின் என்னும் நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால் ஆனது. சூடாக்கும்போது குலைந்த அச்சங்கிலிகள் நாளடைவில் மீண்டும் அருகருகே அடுக்கிப் படிகமாவதால் படலம் விறைக்கிறது. அதே சமயம் கிளிசரால் மெல்ல மேற்பரப்புக்குக் கசிந்து வெளியேறினால் முறியும் தன்மை இன்னும் கூடும். எக்ஸ்-கதிர் விளிம்பு விளைவுச் சோதனையில் 17 பாகைக் கோணத்துக்கு அருகிலுள்ள முகடு வாரந்தோறும் உயர்கிறதா என்று பாருங்கள். உயர்ந்தால் படிகமாதல் நடக்கிறது என்று கொள்ளலாம். பிசுபிசுப்புக்குக் காரணம், மாவுச்சத்தும் கிளிசராலும் காற்றிலிருந்து நீரை ஈர்த்துக்கொள்வதுதான்.

குளூட்டரால்டிஹைடு நச்சுத்தன்மை உடையது. உணவைத் தொடக்கூடிய உறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சிட்ரிக் அமிலத்தைச் சேர்த்து, உலர்ந்த படலத்தை 100 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக்கிப் பதப்படுத்தினால் சங்கிலிகளைக் குறுக்காக இணைக்கும் எஸ்டர் பிணைப்புகள் உருவாகின்றன. அளவு மீறினால் அமிலமே சங்கிலிகளை வெட்டிவிடும் என்பதால் குறைந்த அளவில் தொடங்குங்கள். வலிமை மட்டுமே தேவையென்றால் செல்லுலோஸ் நுண்ணிழைகளைக் கலப்பதே எனக்குப் பிடித்த வழி. புதிய வேதிப் பிணைப்பு எதையும் புகுத்தாமல் வலுவூட்டும் அந்த இழைகள் தாமும் மக்கக்கூடியவை.

பதில் 2

உங்கள் கவலை நியாயமானது. மாவுச்சத்தைச் சிதைக்கும் அமைலேஸ் நொதிகள் நீரின் வழியாகவே சங்கிலியை அடைகின்றன. பிணைப்பு அடர்த்தி கூடினால் நீரோடு நொதியும் நுழைய முடியாமல் போகும். எனவே நீரைத் தாங்கும் திறனும் மக்கும் வேகமும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டேதான் இருக்கும். படலம் எத்தனை நாள் பயன்பட வேண்டும், பிறகு எங்கே போய்ச் சேரும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்குப் போதுமான அளவு மட்டும் பிணையுங்கள்.

தோன்றிய இடம் இயற்கை என்பதால் முடிவும் இயற்கையாக அமைந்துவிடும் என்று யாரும் நம்பிவிடக் கூடாது. கரும்புச் சாராயத்திலிருந்து செய்யும் பாலிஎத்திலீன் மக்காது. பெட்ரோலியத்திலிருந்து வரும் பிபிஏடி என்னும் நெகிழி மக்கும். தாவரச் சர்க்கரையிலிருந்து செய்யும் பாலிலாக்டிக் அமிலத்தின் கண்ணாடி நிலைமாற்றம் (விறைப்பான நிலையிலிருந்து இளகும் மாற்றம்) 60 பாகை செல்சியஸை ஒட்டி நிகழ்வதால், வெப்பமான தொழிற்சாலை உரக்குவியலில் சிதையும் அப்பொருள் குளிர்ந்த கடல்நீரில் நெடுங்காலம் கிடக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 13432 தரநிலை, 6 மாதங்களுக்குள் 90 விழுக்காடு உயிரியச் சிதைவைக் கோருகிறது. ஆனால் அது தொழில்முறை உரமாக்கலுக்கானது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மண்ணிலும் கடலிலும் சிதைய வேண்டுமென்றால் பாக்டீரியாக்கள் தம் உடலுக்குள் சேமித்து வைக்கும் பிஎச்ஏ வகைப் பாலியெஸ்டர்களையும் பரிசீலியுங்கள். 1926இலேயே பிரெஞ்சு அறிவியலாளர் மாரிஸ் லெமுவான் அவற்றில் ஒன்றான பிஎச்பியை விவரித்திருந்தார்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. சிட்ரிக் அமிலத்தைப் பல அளவுகளில் சேர்த்துப் பார்க்கப் போகிறேன். மண்ணில் புதைத்து எடை இழப்பை அளந்தால் போதுமா?

பதில் 2

போதாது. கிளிசரால் நீரில் கரைந்து வெளியேறினாலே எடை குறையும். மாவுச்சத்து அப்படியே இருக்க, மக்கிவிட்டதாகத் தோன்றும். நுண்ணுயிர்கள் படலத்தைச் சிதைக்கும்போது வெளிவரும் கார்பன் டை ஆக்சைடை அளப்பதே நம்பகமான முறை. அதிலும் தொடக்க நாட்களில் கிளிசராலின் பங்கு மிகுதியாக இருக்கும் என்பதால், கிளிசரால் மட்டும் இட்ட மண், செல்லுலோஸ் தூள் இட்ட மண், எதுவும் இடாத மண் ஆகிய மூன்றையும் ஒப்பீட்டுக்காக உடன் வையுங்கள். இழுவிசைச் சோதனைக்கு முன் எல்லாப் படலங்களையும் மெக்னீசியம் நைட்ரேட்டின் நிறைவுற்ற கரைசல் உள்ள மூடிய கலத்தில், ஏறத்தாழ 53 விழுக்காடு ஈரப்பதத்தில், சமநிலை அடையும்வரை வைத்திருங்கள். இல்லையென்றால் நீங்கள் அளப்பது அமிலத்தின் விளைவையா, அன்றைய காற்றின் ஈரத்தையா என்று பிரித்தறிய முடியாது.