நீர்க்கடுப்புக்கு மாத்திரை மட்டும் போதவில்லை

மருந்து மட்டும் போதாத நோயாளிகளைப் பற்றி மூன்று சுகாதாரப் பணியாளர்கள் சொன்னவை.

ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்:
ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி நீர்க்கடுப்பு என்று அடிக்கடி வருவாள். யூரின் கல்ச்சர் (சிறுநீரில் என்ன கிருமி என்று பார்க்கும் சோதனை) பார்த்து மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும். முகூர்த்த சீசன் வந்தால் மறுபடி ஆரம்பிக்கும். "ஏம்மா, தண்ணி நல்லா குடிக்கிறியா?" என்றேன். "குடிச்சா போகணுமே மேடம்" என்றாள். கழிப்பறை மொட்டை மாடியில். போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் ஆண். அதனால் அங்கே எல்லாப் பெண்களும் காலையிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள்.

2018-ல் வெளியான ஓர் ஆய்வு நினைவுக்கு வந்தது. பல்கேரியாவில், அடிக்கடி இந்தச் சிறுநீர்த் தொற்று வரும், தண்ணீர் குறைவாகக் குடிக்கும் 140 பெண்களில் பாதிப் பேரைத் தினமும் ஒன்றரை லிட்டர் கூடுதலாகக் குடிக்கச் சொன்னார்கள். ஓராண்டில் அவர்களுக்குச் சராசரியாக 1.7 முறை தொற்று வந்தது, மற்றவர்களுக்கு 3.2 முறை. சரி, இந்த ஒன்றரை லிட்டரை இவளுக்கு எப்படி எழுதிக் கொடுப்பது?

கடைக்குக் கடிதம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்றாள், வேலை போய்விடும் என்ற பயம். நியாயம்தான். அப்புறம் சுகாதார ஆய்வாளரிடம் பேசி, கடையிலேயே எல்லா ஊழியர்களுக்கும் ஒரு மருத்துவ முகாம் போட்டோம். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்து, பாதிப் பேருக்கு மேல் காலில் நரம்பு சுருட்டல். யார் பெயரையும் சொல்லாமல் நிர்வாகத்திடம் நீர்க்கடுப்பு, நரம்பு சுருட்டல் இரண்டையும் வைத்தோம். தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021-லேயே சட்டத்தைத் திருத்தியாகிவிட்டது. ஸ்டூல்கள் வாங்கியும் இருந்தார்கள், குடோனில்! அவை தளத்துக்கு வந்தன. கழிப்பறை விஷயத்தில் சாப்பாட்டு நேரத்திலும் டீ நேரத்திலும் மட்டும் கேட்காமல் போகலாம் என்றார்கள். இதைப் பாதி வெற்றி என்றுகூட நான் சொல்ல மாட்டேன்.

மக்களைத் தேடி மருத்துவம் (வீடு தேடிப் போய் மருத்துவம் பார்க்கும் அரசுத் திட்டம்), செவிலியர்:
இன்சுலின் போட்டும் சர்க்கரை இறங்காத ஒரு பாட்டி. இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க பிரிட்ஜ் இருக்கா என்றால் "இருக்கும்மா" என்பார். வீட்டுக்குப் போனபோதுதான் தெரிந்தது, அது பக்கத்து வீட்டு பிரிட்ஜ். அவர்களோடு பேச்சுவார்த்தை நின்றதிலிருந்து மருந்து பாட்டிலெல்லாம் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, பரண்மேல். டாக்டரிடம் சொன்னேன். பிரிக்காத பாட்டில்களை எங்கள் நிலையத்து பிரிட்ஜில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கொடுக்கிறோம். பிரித்ததை, தண்ணீர் ஊற்றிய மண்பானைக்குள் ஈரம் படாமல் ஒரு டப்பாவில் வைக்கச் சொல்லிக் கொடுத்தேன். இப்போது சர்க்கரை இறங்குகிறது.

காசநோய்ப் பிரிவு ஊழியர்:
எங்கள் நோயாளிகளுக்குச் சத்துணவுக்காக மாதம் 500 ரூபாய் 2018-லிருந்து வந்தது, 2024 நவம்பரிலிருந்து 1000. ஒரு கட்டடத் தொழிலாளிக்கு மட்டும் வரவே இல்லை. பல வருடமாகப் பயன்படுத்தாததால் வங்கிக் கணக்கு முடங்கிக் கிடந்தது. வங்கிக்குப் போனால் ஒரு நாள் கூலி போகும் என்று அவர் போகவில்லை. மழை பெய்து வேலை இல்லாத ஒரு நாளில் நானே கூட்டிப் போனேன். இப்போதெல்லாம் மாத்திரை கொடுக்கும் முதல் நாளே பாஸ்புக்கை வாங்கிப் பார்த்துவிடுகிறேன்.