புதுப்பிப்பு: அம்மாவின் மழைக்கால இரவுகள்

மும்பை தாராவியில் எங்கள் வீட்டுத் தகரக்கூரையில் மழை விழத் தொடங்கியதுமே அம்மா விழித்துக்கொள்வதையும், முதலில் பார்த்த மருத்துவர் எதையும் விசாரிக்காமல் தூக்க மாத்திரை மட்டும் எழுதித் தந்ததையும் ஜூன் மாதம் எழுதியிருந்தேன். பலர் அக்கறையோடு கேட்டதால் தொடர்கிறேன்.

அடுத்துப் பார்த்த மனநல மருத்துவர், "எந்த வருஷத்திலிருந்து இப்படி?" என்றுதான் தொடங்கினார். அம்மா தயங்காமல் 2005 என்றார். அந்த ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. குர்லாவிலிருந்து மார்பளவு நீரில் தம்பியைத் தோளில் சுமந்தபடி அவர் நடந்து வந்ததை நாங்கள் பழைய கதையாகவே கேட்டு வளர்ந்துவிட்டோம்.

பேரதிர்ச்சிக்குப் பின் உடலின் எச்சரிக்கை நிலை இரவிலும் தணியாததால் உறக்கம் கலைகிறது. உறக்கம் கெடக் கெடப் பதற்றமும் மனச்சோர்வும் கூடுகின்றன என்பதால், தூக்கமின்மைக்குத் தனியாகவே சிகிச்சை வேண்டும் என்றார் மருத்துவர். திரும்பத் திரும்ப வரும் கனவின் முடிவைப் பகலில் மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனத்தில் ஓட்டிப் பார்ப்பது அதில் ஒன்று. அம்மா நோட்டில் எழுதிய முடிவில், தண்ணீர் கணுக்காலுக்கு இறங்குகிறது, தம்பி தானே நடக்கிறான். தூக்கம் வராவிட்டால் பாயில் புரளாமல் எழுந்துவிட வேண்டும் என்பதுதான் ஒற்றை அறையில் அவருக்குக் கடினமாக இருந்தது.

தமிழில் பேச ஆள் வேண்டும் என்று கேட்டவர்கள், அரசின் மனநலத் தொலைபேசி உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416-ஐ அழைக்கலாம்.

நேற்றிரவு மழைக்கும் அம்மா விழித்தார். ஆனால் வாசற்படியைக் கையால் தடவி ஈரம் பார்க்காமல், சற்று உட்கார்ந்திருந்துவிட்டு மீண்டும் படுத்துக்கொண்டார்.